ஜிபிஐஎஃப் வரைபடம்: புள்ளிகள் எங்கே நின்றுபோகின்றன என்று பாருங்கள்

ஒரு செடியோ விலங்கோ ஏன் இங்கே இருக்கிறது, கொஞ்சம் தள்ளி ஏன் இல்லை என்று கேட்டால் பாடப்புத்தகம் "தட்பவெப்பம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும், கூடவே பாலைவனம், மழைக்காடு, தூந்திரம் என்று ஐந்தாறு வண்ணம் அடித்த உலகப்படம் ஒன்றையும் போட்டுவிடும். அது போதாது என்று நினைப்பவர்களுக்கு ஜிபிஐஎஃப் (GBIF, உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பு) என்ற இணையதளம் சரியான இடம். அருங்காட்சியகங்களில் காய்ந்து கிடக்கும் மாதிரிகள் முதல் ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்டு செயலிகளில் மக்கள் போடும் பதிவுகள் வரை எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டித் தரும் சேவை இது. 2001-இல் தொடங்கியது, செயலகம் கோபன்ஹேகனில் இருக்கிறது, பல நாட்டு அரசுகள் சேர்ந்து நடத்துகின்றன, நமக்கு இலவசம். பதிவுகள் 200 கோடியை எப்போதோ தாண்டிவிட்டன.

பயன்படுத்துவதில் பெரிய சிரமம் இல்லை. அறிவியல் பெயரைத் தட்டினால் உலகப்படத்தில் புள்ளிகள் வரும், வருடம், மாதம், மாதிரியா நேரில் பார்த்ததா என்றெல்லாம் வடிகட்டலாம். மேப்பைத் துருவத்துக்கு நேர் மேலே இருந்து பார்க்கிற மாதிரியும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தட்பவெப்பத்தை இது சொல்லித் தராது. இது இருப்பிடத் தரவுத் தளம், எங்கே என்று காட்டும், ஏன் என்பதை நாம்தான் கொண்டுவர வேண்டும். அதற்கு வேர்ல்ட்கிளிம் என்ற இன்னொரு இலவசத் தரவுத் தொகுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1970 முதல் 2000 வரையிலான வெப்பநிலை, மழைச் சராசரிகள், அவற்றிலிருந்து கணக்கிட்ட 19 உயிர்த்தட்பவெப்ப மாறிகள் (மிகக் குளிர்ந்த மாதத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை போல, உயிர்களைப் பாதிக்கும் அளவுகள்), சுமார் ஒரு கிலோமீட்டர் துல்லியம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்ததும் முதலில் புரிவது, வருடச் சராசரி வெப்பநிலை என்ற எண்ணால் அநேகமாக ஒரு பயனும் இல்லை என்பது.

சகுவாரோ கள்ளியைப் போட்டுப் பாருங்கள். புள்ளிகள் அரிசோனாவிலும் மெக்சிகோவின் சொனோராவிலும் குவிந்து கிடக்கும். கிழக்கே சிவாவா பாலைவனம், அதுவும் வறண்ட நிலம்தான், ஆனால் அங்கே சகுவாரோ இல்லை, ஏனென்றால் அங்கே குளிர்காலம் இன்னும் கடுமை. ஒரு ராத்திரி உறைந்து காலையில் வெயில் வந்து உருகினால் இந்தக் கள்ளி தாங்கும், ஒரு பகலும் சேர்ந்து உறைநிலைக்குக் கீழேயே இருந்துவிட்டால் செத்துப்போகும். குட்டிக் கள்ளிகள் பாலோ வெர்டே மரத்தடியில் ஒண்டிக்கொண்டு வளர்வதற்கு வெயில் மட்டும் காரணமில்லை, மரத்தடியில் ராத்திரிக் குளிரும் கொஞ்சம் குறைவு. மேற்கே போனால் கதை வேறு. மொஹாவே பக்கம் கோடை மழை கிடையாது, விதை முளைத்துப் பிழைக்க அந்த மழை வேண்டும். ஆக ஒரே செடி, ஒரு பக்கம் குளிர் வேலி போடுகிறது, இன்னொரு பக்கம் மழை. பாடப்புத்தகம் "பாலைவனத் தாவரம்" என்று எழுதிவிட்டுப் போய்விடும்.

அடுத்து மரங்களின் வட எல்லை. துருவக் காட்சியை இதற்குத்தான் வைத்திருக்கிறார்களோ என்று தோன்றும். டாஹூரியன் லார்ச் என்ற ஊசியிலை மரம் சைபீரியாவில் 72 டிகிரி வடக்கைத் தாண்டியும் நிற்கிறது, குளிர்காலத்தில் மைனஸ் 40-க்கும் கீழே போகிற ஊர்களைச் சுற்றி இதே மரம் காடாகவே நிற்கிறது. தெற்கே, ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே உள்ள மெக்குவாரி தீவை எடுத்துக்கொண்டால் குளிர்காலச் சராசரி 3 டிகிரி, உறைவதே அதிகமில்லை, ஆனால் ஒரு மரம்கூட இல்லை. அங்கே கோடையிலும் சராசரி 7 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும் (ஓயாத காற்றும், எந்தக் கண்டத்தோடும் ஒட்டாத தனிமையும் காரணத்தில் சேர்த்தி). மரத்துக்குக் கோடையில் வளர வெப்பம் வேண்டும், வெப்பமான மாதத்தின் சராசரி 10 டிகிரி என்ற கோடு வடக்கே மர எல்லையோடு ஓரளவு ஒட்டிப் போவது அதனால்தான். அதாவது கள்ளிக்குக் குளிர்கால ராத்திரி முக்கியம், லார்ச்சுக்குக் கோடை முக்கியம்.

பறவைக்கு மாத வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். வட அமெரிக்காவின் கிழக்கத்திய ஃபீபி என்ற சிறு பறவையை ஜனவரிக்கு மட்டும் வடிகட்டிப் பார்த்தால் புள்ளிகள் தெற்கே சுருங்கும். அந்தக் குளிர்கால வட எல்லை, ஜனவரியின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை மைனஸ் 4 டிகிரியாக உள்ள கோட்டோடு ஒட்டிப் போகிறது என்று சூழலியலாளர் டெர்ரி ரூட் 1988-இல் எழுதினார். உடல் சூட்டுக்குச் செலவாகும் சக்திதான் காரணம் என்ற அவருடைய விளக்கத்தைப் பிறகு சிலர் ஏற்கவில்லை, அந்த விவாதத்தையும் தேடிப் படியுங்கள், நன்றாக இருக்கும். அப்புறம் கலாபகஸ் பெங்குயின். நிலநடுக்கோட்டின் மேலேயே புள்ளிகள்! கடலுக்கடியிலிருந்து மேலெழும் குளிர்ந்த நீரும் அதில் வரும் மீனும்தான் அதை அங்கே வைத்திருக்கின்றன, 1982-83 எல் நினோவில் கடல் சூடானபோது சுமார் முக்கால் பங்கு செத்துப்போயின.

இனி எச்சரிக்கைகள், இதைச் சொல்லாமல் யாருக்கும் இந்தச் சேவையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

புள்ளி இல்லை என்றால் உயிர் இல்லை என்று அர்த்தமில்லை. ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் புள்ளிகளால் மூடிக் கிடக்கும், பல்லுயிர் கொழிக்கும் வெப்பமண்டலக் காடுகள் பல வெறுமையாகத் தெரியும், போய்ப் பதிவு செய்ய ஆள் இல்லை, அவ்வளவுதான். சாலை போகிற வழியெல்லாம் புள்ளிகள் வரிசை கட்டும். கினி வளைகுடாவில், பூஜ்ஜிய அட்சமும் பூஜ்ஜிய தீர்க்கமும் சந்திக்கும் நடுக்கடலில் ஒரு தரைச்செடி இருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள், யாரோ இடத்தை நிரப்பாமல் விட்டிருப்பார்கள் (இப்படிப்பட்ட பதிவுகளுக்குத் தளமே எச்சரிக்கைக் குறி போடுகிறது, அதைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்). அருகிவரும் இனங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் வேண்டுமென்றே 0.2 டிகிரி கட்டத்துக்குள் கலைத்துப் போடும். திருடர்களிடமிருந்து காப்பாற்ற அது தேவைதான், ஆனால் அந்தப் புள்ளியின் மேல் வெப்பநிலையை வைத்துப் படித்தால் அபத்தம்.

மலையில்தான் இந்த இடப் பிழை மிகவும் கடிக்கும். நூறு வருடம் முந்தைய மாதிரியின் சீட்டில் "மலையின் வடக்குச் சரிவு" என்று மட்டும் இருக்கும், அதைப் பின்னால் ஒருவர் ஆயத்தொலைவாக (அட்ச, தீர்க்க எண்களாக) மாற்றியிருப்பார், பல கிலோமீட்டர் பிழை இருக்கலாம். சமவெளியில் அது ஒன்றுமில்லை, ஆனால் உயரம் ஒரு கிலோமீட்டர் மாறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி மாறும், அப்புறம் அந்தச் செடி எந்தக் குளிரில் வாழ்கிறது என்று என்ன சொல்வது? ஒவ்வொரு பதிவிலும் துல்லியமின்மை என்று ஒரு கட்டம் உண்டு, நிறையப் பதிவுகளில் காலியாகவே இருக்கும். மலைச் செடி என்றால் அது காலியாக உள்ள பதிவுகளை நான் எடுப்பதே இல்லை.

வருட வடிகட்டியை நகர்த்தி "பாருங்கள், வெப்பமாகிவிட்டது, எல்லாம் வடக்கே போகிறது" என்று முடிவு கட்டவும் கூடாது. கைபேசி வந்தபின் பதிவு பல மடங்கு பெருகியிருக்கிறது, எல்லை நகர்ந்ததா, பார்க்கும் கண்கள் கூடினவா என்று புள்ளிகள் மட்டும் சொல்லாது. நகர்வது உண்மைதான். ஃப்ளோரிடாவின் அட்லாண்டிக் கரையில் கடும் உறைபனி ராத்திரிகள், அதாவது மைனஸ் 4-க்குக் கீழே போகிறவை, குறைந்ததும் அலையாத்தி வடக்கே பரவியதைச் செயற்கைக்கோள் படங்களில் அளந்திருக்கிறார்கள். வேர்ல்ட்கிளிமுக்கும் இதே மாதிரி ஒரு குறை உண்டு. முப்பது வருடச் சராசரிக்குள், பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்து கூட்டத்தையே கொல்லும் அந்த ஒரு ராத்திரி காணாமல் போய்விடும்.

எல்லாவற்றையும் தட்பவெப்பத்தின் தலையில் கட்டவும் முடியாது. கடலோர ரெட்வுட் மரம் இயற்கையாக வளர்வது கலிஃபோர்னியா கரையிலும் ஒரேகான் மூலையிலும் ஓடும் ஒல்லியான மூடுபனிப் பட்டையில் மட்டும்தான், மழையில்லாத கோடையை மூடுபனியின் ஈரத்தில் ஓட்டும் மரம் அது. ஆனால் புள்ளிகள் ஐரோப்பாவிலும் நியூசிலாந்திலும் விழும், எல்லாம் மனிதர் நட்டவை. வாழக்கூடிய இடம் வேறு, தானாகப் போய்ச் சேர முடிந்த இடம் வேறு. இந்தோனேசியத் தீவுகளான பாலிக்கும் லோம்போக்குக்கும் நடுவே சுமார் 35 கிலோமீட்டர் கடல், தட்பவெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான், இருந்தும் ஆசியப் பறவைகள் பலவும் பாலியோடு நின்றுவிடுகின்றன என்பதை இயற்கையியலாளர் வாலஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனித்தார்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஆசிரியர்கள், காட்டுயிர் ஆர்வலர்கள், கல்லூரியில் சூழலியல் படிப்பவர்கள் எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்தலாம், சின்னப் பிள்ளைகளிடம் விளக்க ஆள் இல்லாமல் கொடுக்காதீர்கள். வெறுமனே பார்க்கக் கணக்கு தேவையில்லை, தரவை இறக்கத்தான் தேவை, இறக்கும்போது வரும் டிஓஐ எண்ணை (அந்தத் தரவுக்கான நிரந்தர இணைய அடையாளம்) கட்டுரையில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.