பெட்டி தங்கம், டிரைவர் தகரம்: ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸோடு நான்கு வருடம்

போன வாரம் நண்பன் போன் செய்தான். "டேய், நீ வச்சிருக்கியே அந்த ஆடியோ பெட்டி, இப்ப ஏழாயிரத்துக்கு வந்திருக்கு. வாங்கலாமா?" நான் வாங்கியபோது ஒன்பதாயிரத்துச் சொச்சம். "ரெண்டு நாள் டைம் கொடு" என்றேன். அவன் சிரித்தான். ஆமாம் இல்லை என்று சொல்ல இரண்டு நாள் எதற்கு என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். அந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்திப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

என் வேலை குரல் பதிவு. கதைகளை வாசித்து, ஒலிக்கோப்பாக்கி அனுப்புவேன். மைக்கில் பேசுவதைக் கணினிக்குள் கொண்டுபோகிற இந்தப் பெட்டியை 2021ல் வாங்கினேன். இரண்டு மைக் சொருகலாம், சில மைக்குகளுக்குத் தேவைப்படும் 48 வோல்ட் மின்சாரம் (ஃபேன்தம் பவர்) உண்டு, யுஎஸ்பியிலேயே ஓடும். மற்றதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். அதில் இல்லாத ஒன்று, இதன் அமைதி. மைக்கின் ஒலியைப் பெருக்குகிற கெயினை முக்கால்வாசி ஏற்றினாலும் பின்னால் அந்த 'உஸ்' இருக்காது. ஒரு நாள் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நடுவில் 'ட்சு ட்சு' என்று ஒரு சத்தம். கேபிள் கோளாறோ என்று பதறிப் போய்த் திரும்பத் திரும்பக் கேட்டேன். சுவரில் இருந்த பல்லி! அறைக் கோடியில் உட்கார்ந்து அது சொன்னதை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த பெட்டியை எப்படிக் குறை சொல்வது? (அன்று என்ன கிழமை, எந்தத் திசை என்று பாட்டி இருந்தால் பலன் பார்த்திருப்பார். நல்ல பலனாக இருந்திருக்காது.)

முதல் இரண்டு வருடம் பழைய டெஸ்க்டாப்பில் ஒரு தொந்தரவும் இல்லை. 2023ல் விண்டோஸ் 11 உள்ள லேப்டாப் வாங்கி, கம்பெனி தளத்திலிருந்து புது டிரைவரை, அதாவது பெட்டியையும் விண்டோஸையும் பேசவைக்கிற நிரலை, இறக்கிப் போட்டேன். சனி அன்றைக்குத்தான் உள்ளே வந்தது. நான் பதிவு செய்வது தெரு அடங்கிய பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு. வியர்வை வழிய முக்கால் மணி நேரம் படித்திருப்பேன், ஹெட்ஃபோனில் என் குரலே 'ட்ர்ர்ர்ர்' என்று ஒரே எழுத்தில் மாட்டிக்கொள்ளும். மவுஸ் அசையாது. அப்புறம் நீலத்திரை. டிபிசி வாட்ச்டாக் வயலேஷன் என்று ஒரு வரி. வாரத்துக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு. நான் பதிவு செய்கிற ஆடாசிட்டி நிரல் மட்டும் நல்ல பிள்ளை. திரும்பத் திறந்ததும் 'மீட்கட்டுமா' என்று கேட்டு, பெரும்பாலும் கடைசிச் சில வினாடிகள் தவிர எல்லாவற்றையும் கொடுத்துவிடும். ஆனால் விட்ட இடத்தில் அதே குரலைப் பிடிப்பது வேறு சங்கதி.

புது லேப்டாப்பில் வந்த கோளாறு என்பதால் லேப்டாப்பைத்தான் சந்தேகப்பட்டேன். கடைக்குக் கொண்டு போனால், அங்கே இருந்தவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "ராம் போயிடுச்சு சார்" என்றார். 2,800 ரூபாய். பழைய ராமை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு ஒரு ராத்திரி முழுக்க ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. இதற்குள் புது ராமோடும் நீலத்திரை வந்தாகிவிட்டது. அடுத்த தடவை போனபோது விண்டோஸையே அழித்துப் போடச் சொன்னார். அதையும் செய்தேன். ஒன்பது நாள் நன்றாக இருந்தது, பத்தாம் நாள் விழுந்தது.

அதற்கு மேல்தான் நானே உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறை விழும்போதும் விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோப்பு விழுகிறது. புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச நிரலில் திறந்தால், குற்றவாளி என்று விண்டோஸின் உயிர்நாடியான கர்னல் கோப்பையே காட்டியது. கடைக்காரர் பார்த்ததும் இதைத்தான் போலிருக்கிறது. இது வீட்டில் திருட்டுப் போனால் வீட்டுக்காரனையே பிடித்துக்கொண்டு போகிற கதை. விபத்து நடந்த இடம் கர்னல், நடத்தியவர் வேறு ஆள். வின்டிபக் என்ற மைக்ரோசாஃப்ட் நிரலில் அதே மினிடம்ப் கோப்பைத் திறந்து அலசச் சொன்னேன். அந்த நேரத்தில் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற வரிசை வந்தது. ஆறு டம்ப் பார்த்தேன். ஆறிலும் என் பெட்டியின் டிரைவர் கோப்பு நடுவில் நின்றது.

ஒரு ஒலிப்பெட்டி மொத்தக் கணினியையும் எப்படிக் கவிழ்க்கும் என்று எனக்கும் அப்போது விளங்கவில்லை. பாட்டுப் போடும் நிரல் விழுந்தால் அது மட்டும் விழும், குடக்கூலிக்காரர் காலி செய்வது போல. டிரைவர் அப்படியில்லை, தூண். விஸ்டாவிலிருந்து ஒலி வேலையில் பெரும்பகுதியைக் கர்னலுக்கு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், ஆனால் அடியில் கருவியோடு பேசுகிற டிரைவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் கைமாற்றுவார்கள். நான் வைத்திருந்த துண்டின் அளவு (பஃபர்) 128 சாம்பிள். நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில் அது நொடிக்கு 375 தடவை. ஒவ்வொரு தடவையும் டிரைவர் ஓடி வந்து, மைக்ரோ செகண்டுகளில் கணக்கை முடித்துவிட்டு வழிவிட வேண்டும். வழிவிடாமல் அடைத்துக்கொண்டு நின்றால், கண்காணித்துக்கொண்டிருக்கிற விண்டோஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அதுதான் அந்த வாட்ச்டாக்.

வழி கிடைத்தது தற்செயலாக. ஊருக்குப் போனபோது லேப்டாப் இல்லாமல் பெட்டியைப் போனில் சொருகினேன். உடனே வேலை செய்தது. போனில் எந்த டிரைவரையும் நான் போடவில்லையே! தேடிப் பார்த்தால், இது யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 என்ற பொது மொழியைப் பேசும் பெட்டி. அந்த மொழிக்கு விண்டோஸிலேயே 2017ல் வந்த 1703 பதிப்பு முதல் டிரைவர் இருக்கிறது. கம்பெனி டிரைவர் முக்கியமாகத் தருவது ஆசியோ, அதாவது ஒலி தாமதமில்லாமல் போய்வர ஒரு குறுக்கு வழி. நான் இறக்கி வைத்திருந்த ஆடாசிட்டியில் ஆசியோவே கிடையாது, உரிமச் சிக்கலால் அப்போது சேர்த்துத் தரவில்லை. ஆக, எனக்குத் தேவையே இல்லாத ஒரு டிரைவருக்காக ஒரு வருடம் அழுதிருக்கிறேன்.

அதை விரட்டுவது லேசாக இல்லை. நீக்கிவிட்டுப் பெட்டியைச் சொருகினால் மறுபடி அதே டிரைவர் வந்து உட்கார்ந்தது. விண்டோஸ் தன் கிடங்கில் ஒரு நகல் வைத்திருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் நீக்கும்போது 'டிரைவரையும் அகற்று' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். எனக்குக் கிடங்கில் இரண்டு பதிப்பு கிடந்ததால் இரண்டு தடவை செய்தேன். மூன்றாம் தடவை சொருகியபோது, டிரைவர் கொடுத்தவர் பெயரில் மைக்ரோசாஃப்ட் என்று இருந்தது. அதைப் பார்த்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

அதற்குப் பிறகு 14 மாதம், ஒரு நீலத்திரைகூட இல்லை. இப்படி எழுதினால் நண்பனுக்கு 'தாராளமாக வாங்கு' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவன் கிட்டார்க்காரன். கம்பியைத் தொட்ட கணமே எஃபெக்ட்டோடு காதில் கேட்க வேண்டும், அதற்கு அவனுக்கு ஆசியோ வேண்டும், அதாவது அந்த டிரைவர் வேண்டும். சரி, பழைய கோபத்தில் பதில் சொல்லக் கூடாது, புதுப் பதிப்பில் திருத்தியிருப்பார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கிப் போட்டேன். திங்கள் நன்றாக ஓடியது. மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

செவ்வாய் இரவு 12:20க்கு, 31வது நிமிடத்தில், 'ட்ர்ர்ர்ர்'.

லேப்டாப் திரும்ப எழுவதற்குள் போனை எடுத்து "வாங்காதே" என்று அனுப்பினேன். அப்புறம் டிரைவரை நீக்கி, மறக்காமல் டிக் போட்டு, பெட்டியைத் திரும்பச் சொருகி, விட்ட வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.