பேஸ்பால் சவான்ட்: ஜேம்ஸ் வுட்டுக்கு விலை சொல்ல இந்தத் தளம் போதுமா?

நிஜ ஆட்டக்காரர்களை ஏலத்தில் வாங்கிக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் சேர்க்கும் எண்களால் போட்டியிடுவது பேஸ்பால் ஃபேன்டசி லீக். அதன் ஏலத்தில் மிகக் கடினமான வேலை ஓர் இளம் பேட்டருக்கு விலை வைப்பதுதான். பத்தாண்டுகள் ஆடியவரின் எண்கள் தாமே பேசிவிடும். இரண்டு முழு சீசன்கூட ஆடாதவரின் எண்களையோ நாம்தான் பேசவைக்க வேண்டும். அதற்காகப் பெரும்பாலோர் முதலில் திறப்பது, வட அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலின் நிர்வாகமே கட்டணமின்றி நடத்தும் பேஸ்பால் சவான்ட் என்னும் புள்ளிவிவரத் தளத்தை. ஏல மேசையில் அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று பார்க்க, 2026 சீசனுக்கு விலை சொல்வதற்கு மிகவும் சிக்கலானவர் என்று நான் கருதும் ஒருவரை எடுத்துக்கொண்டேன்: வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் ஜேம்ஸ் வுட்.

வுட்டுக்கு இப்போது வயது 23; உயரம் ஆறடி ஏழு அங்குலம்; இடக்கை பேட்டர். 2022 இல் ஹுவான் சோட்டோவை சான் டியேகோ பேட்ரஸ் அணிக்கு அனுப்பியபோது பதிலுக்கு வாஷிங்டன் பெற்ற இளைஞர்களில் ஒருவர். 2025 இல் 157 ஆட்டங்களில் 0.256 சராசரி (அடித்து பேஸை எட்டிய விகிதம்), 31 ஹோம் ரன், 94 ஆர்பிஐ (அவர் மட்டையால் அணிக்கு வந்த ரன்), 15 ஸ்டீல் (ஓடித் திருடிய பேஸ்) என்று முடித்தார். கூட்டுத்தொகையாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத சீசன். ஆனால் அந்த 31 இல் 24 ஹோம் ரன்கள் ஜூலை நடுவில் வரும் ஆல் ஸ்டார் இடைவேளைக்கு முன் வந்தவை. அதற்குப் பின் வந்தவை ஏழே ஏழு. மூன்று ஸ்ட்ரைக் வாங்கி வெளியேறும் ஸ்ட்ரைக் அவுட்டோ 221. மேஜர் லீக் வரலாற்றில் ஒரே சீசனில் மிக அதிகமான 223 என்ற எண்ணிக்கை 2009 இல் மார்க் ரெனால்ட்ஸ் பெயரில் பதிவானது. வுட் அதற்கு இரண்டே படி கீழே நின்றார். முதல் பாதியில் ஆடியவரை வாங்குகிறோமா, இரண்டாம் பாதியில் ஆடியவரையா என்பதுதான் ஏலத்துக்கு வருபவரின் கேள்வி.

தளத்தில் அவர் பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது சதமானக் கோடுகள். லீக்கிலுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டு, சிறப்பானவற்றைச் சிவப்பிலும் மோசமானவற்றை நீலத்திலும் அவை காட்டுகின்றன. இவற்றின் அடித்தளம் ஸ்டாட்காஸ்ட் என்னும் அளவீட்டு முறை. 2015 இல் எல்லா மைதானங்களுக்கும் வந்தது, 2020 முதல் ஹாக் ஐ கேமராக்களைக் கொண்டு இயங்குகிறது. மட்டையை விட்டுப் பந்து கிளம்பும் வேகம், அது எழும்பும் கோணம், பேட்டர் ஓடும் வேகம், 2024 முதல் மட்டை சுழலும் வேகம் என்று எல்லாமே இங்கே பொதுமக்களுக்குக் கிடைக்கின்றன. மணிக்கு 95 மைல் அல்லது அதற்கு மேல் கிளம்பும் பந்து பலமான அடி. குறைந்தது 98 மைல் வேகமும் அதற்குப் பொருத்தமான கோணமும் சேர்ந்தால் அது பாரல், அதாவது மிகச் சிறந்த அடி. வேகம் சார்ந்த கோடுகளில் வுட் ஆழ்ந்த சிவப்பு. ஸ்ட்ரைக் அவுட் கோட்டில் ஆழ்ந்த நீலம். ஒரே பார்வையில் ஒருவரின் பலமும் பலவீனமும் இவ்வளவு தெளிவாக விளங்கும் வேறொரு பக்கத்தை நான் கண்டதில்லை. அதிலும் மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழேயுள்ள டிரிப்பிள் ஏ ஆட்டங்களின் அளவீடுகளும் இங்கே கிடைப்பதால், மேஜர் லீக்கில் ஒரு மாதம் மட்டுமே ஆடிய இளைஞரைக்கூட வெறும் சராசரியை நம்பாமல் எடைபோட முடிகிறது. இளம் பேட்டரைத் தேடுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ஆனால் சிவப்பு நிறம் விலை அல்ல. இந்தத் தளத்தை ஏலத்துக்குப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இதுதான். பிட்ஸ்பர்க் அணியின் ஓனீல் குரூஸ் 2025 மே மாதத்தில் மணிக்கு 122.9 மைல் வேகத்தில் ஒரு ஹோம் ரன் அடித்தார். ஸ்டாட்காஸ்ட் அளக்கத் தொடங்கியதிலிருந்து பதிவான மிக வேகமான அடி அது. அதே சீசனை அவர் 0.200 சராசரியோடும் 20 ஹோம் ரன்களோடும் முடித்தார். 38 ஸ்டீல் இல்லாவிட்டால் அவரை வாங்கியவர்களின் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இதற்கு நேர் எதிராக, 2023 இல் டாம்பா பே அணிக்கு ஆடிய இசாக் பரேடெஸ், அடியின் வேகத்தில் மிகச் சாதாரணமானவராக இருந்தும் 31 ஹோம் ரன் அடித்தார். வலக்கை பேட்டரான அவர் பந்தை எப்போதும் இடப்பக்கக் கோட்டை ஒட்டி, வேலி அருகிலிருக்கும் திசையில், உயரமாகத் தூக்கியதே காரணம். தளம் தரும் எதிர்பார்க்கப்பட்ட சராசரி, எதிர்பார்க்கப்பட்ட ஸ்லக்கிங் (ஒவ்வோர் அடியும் எத்தனை பேஸ் தந்தது என்பதையும் எண்ணும் விகிதம்) ஆகியவை பந்தின் வேகத்தையும் கோணத்தையும் கணக்கில் கொள்கின்றன, சில வகை அடிகளுக்கு ஓட்ட வேகத்தையும் சேர்த்துக்கொள்கின்றன; எந்தத் திசையில் அடித்தார் என்பதைக் கருதுவதில்லை. மேலும் அவை நடந்து முடிந்ததன் விளக்கமே தவிர, நடக்கப்போவதன் கணிப்பு அல்ல. பெயரிலுள்ள ‘எதிர்பார்க்கப்பட்ட’ என்ற சொல்லை அடுத்த ஆண்டுக்கான வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு ஏலத் தொகையை ஏற்றுவது பணத்தை வீணாக்கும் வழி.

வுட்டின் விஷயத்தில் இந்தத் திசையும் கோணமும்தான் முக்கியம். அவர் அடியில் பலம் எப்போதும் இருக்கிறது. பந்து தரையில் உருள்வதுதான் குறை. எதிர்ப்பக்கமான இடது மைதானத்துக்கே ஹோம் ரன் அடிக்கும் அபூர்வ வலிமை அவருக்கு உண்டு என்பதால், பந்தைத் தூக்கத் தொடங்கும் நாள்களில் மைதானத்தின் எந்த மூலையும் அவருக்குச் சிறியதாகிவிடுகிறது. உருட்டத் தொடங்கும் வாரங்களிலோ 110 மைல் வேக அடியும் இரண்டாம் பேஸ் ஆட்டக்காரரின் கையுறைக்குள் முடிகிறது. இதைக் கண்டறிய முகப்பிலுள்ள கோடுகளை விட்டுவிட்டுக் கீழே இறங்க வேண்டும். ஆட்டம் ஆட்டமாக நகரும் வரைபடமும், தேதி வாரியாகப் பிரித்துப் பார்க்க உதவும் தேடல் பக்கமும்தான் இந்தத் தளத்தின் உண்மையான செல்வம் என்பேன். முழு சீசனின் சதமானம் முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒன்றாகக் கலந்து ஒரே நிறத்தைப் பூசிவிடுகிறது. ஜூலைக்குப் பிந்திய ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால்தான் ஸ்ட்ரைக் அவுட் எப்படி ஏறியது என்பதும், எந்த வகைப் பந்துகளுக்கு அவர் மட்டை காற்றைக் கிழித்தது என்பதும் தெரிகின்றன. தேடல் பக்கம் புதியவருக்கு மிரட்சி தரும் அளவுக்குத் தெரிவுகளால் நிறைந்தது. ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டுக் கற்றுக்கொள்வது தகும்.

சராசரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மட்டை பிடித்த வாய்ப்புகளில் ஏறக்குறைய 32 சதவீதம் ஸ்ட்ரைக் அவுட்டில் முடிந்தும் 0.256 எட்டினார் என்றால், மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் அவர் சராசரி 0.350 ஐ ஒட்டி இருந்தது என்று பொருள். லீக்கின் பொதுவான அளவு 0.300 க்குச் சற்றுக் கீழே. இவ்வளவு பலமாக அடிப்பவருக்கு அந்தக் கூடுதல் ஓரளவு நியாயமானதே. இருந்தாலும் அது கொஞ்சம் சரிந்தாலே சராசரி 0.240 க்கு இறங்கிவிடும். அந்த இறக்கத்தை ஏற்கும் வலு உங்கள் அணிக்கு உண்டா என்பதை விலை சொல்லும் முன் பாருங்கள்.

ஸ்டீல் கணக்கில் தளம் கொஞ்சமே உதவுகிறது. ஓட்ட வேகம் நொடிக்கு எத்தனை அடி என்று துல்லியமாகச் சொல்கிறது. லீக்கின் சராசரி 27 அடி. ஆனால் கால் ஓடும் என்பதும் பயிற்சியாளர் ஓடவிடுவார் என்பதும் வேறு வேறு. 2024 இல் வெறும் 79 ஆட்டங்களில் 14 முறை பேஸ் திருடிய வுட், அடுத்த ஆண்டு இரண்டு மடங்கு ஆட்டங்களில் 15 முறைதான் திருடினார். 2025 ஜூலையில் மேலாளர் டேவ் மார்ட்டினெஸ் நீக்கப்பட்டு, இந்த சீசனுக்குப் பிளேக் புடெரா பொறுப்பேற்றிருக்கிறார். அவர் எவ்வளவு ஓடவிடுவார் என்பதை எந்த வரைபடத்திலும் தேட முடியாது. பயிற்சி ஆட்டங்களை நேரில் கவனிப்பதே வழி. ரன்னும் ஆர்பிஐயும் அப்படித்தான். 2025 இல் 96 தோல்விகளைக் கண்ட அணியின் நடுவில் நிற்பவருக்கு முன்னால் எத்தனை பேர் பேஸில் இருப்பார்கள் என்பது அவர் மட்டையின் வேகத்தைச் சார்ந்ததல்ல.

2026 க்கு மட்டும் உரிய ஒரு செய்தியை நான் பெரிதாக எண்ணுகிறேன். பந்து எல்லைக்குள் வந்த ஸ்ட்ரைக்கா, வெளியே போன பாலா என்ற நடுவரின் தீர்ப்பை மறுத்து, கேமராவிடம் முறையிடும் முறை இந்த ஆண்டு மேஜர் லீக்கில் நடைமுறைக்கு வருகிறது. அதில் ஸ்ட்ரைக் எல்லையின் அடிக்கோடு பேட்டரின் உயரத்தில் 27 சதவீதம், மேற்கோடு 53.5 சதவீதம். வுட்டின் உயரத்துக்கு அடிக்கோடு தரையிலிருந்து 21 அங்குலத்துக்கு மேலே வருகிறது. மிக உயரமான பேட்டர்களுக்கு முழங்காலுக்குக் கீழே போகும் பந்துகள்கூட ஸ்ட்ரைக் என்று அறிவிக்கப்படுவது நெடுநாள் குறை. ஓர் அணி இரண்டு முறையீடுகளில் தோற்றால் வாய்ப்பு தீர்ந்துவிடும் என்பதால் எல்லாம் தலைகீழாக மாறாது. ஆனாலும் பந்தைப் பொறுமையாகப் பார்த்துவிடும் பழக்கமுள்ள வுட்டுக்கு இது சாதகமாகவே அமையும் என்று நம்புகிறேன். எந்தெந்த உயரத்தில் வந்த பந்துகளுக்கு அவருக்கு ஸ்ட்ரைக் கொடுக்கப்பட்டது என்பதைத் தளத்தின் தேடலில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே தளத்துக்கு நன்றி சொல்வேன்.

ஆக, விலை சொல்லும் வேலையைச் சவான்டிடம் மட்டும் ஒப்படைக்க முடியாது. ஸ்டீமர், ஜிப்ஸ் போன்ற அடுத்த சீசனுக்கான கணிப்புகளையும், அவற்றை உங்கள் லீக்கின் விதிகளுக்கு ஏற்ப டாலராக மாற்றும் கணிப்பானையும் ஃபேன்கிராஃப்ஸ் தளம் தருகிறது. முதலில் அங்கே விலையை எடுத்துக்கொண்டு, பிறகு சவான்டுக்கு வந்து அந்த விலையை நம்பலாமா என்று சோதிப்பதே சரியான வரிசை.

என் தீர்ப்பு இது. அணிக்கு 260 டாலர் வைத்து, பேட்டிங்கில் ஐந்து எண்களையும் பந்துவீச்சில் ஐந்து எண்களையும் கணக்கிடும் வழக்கமான ஐந்துக்கு ஐந்து லீக்கில் வுட்டுக்கு 25 டாலர் வரை போவேன். சராசரிக்குப் பதிலாக, அடியின்றிக் கிடைக்கும் வாக்கையும் சேர்த்து எண்ணும் ஆன் பேஸ் சதவீதத்தைக் கணக்கிடும் லீக்கில் 30 டாலருக்கும் தயங்க மாட்டேன். ஒரே ஆட்டத்தில் எதிரணி நான்கு முறை வேண்டுமென்றே வாக் கொடுத்து, அடிக்க விடாமல் முதல் பேஸுக்கு அனுப்பிய பேட்டர் அவர், 2025 ஜூனில் நடந்தது, ஹோம் ரன் சாதனையாளர் பேரி பாண்ட்ஸுக்குப் பிறகு யாருக்கும் கிடைக்காத மரியாதை. ஸ்ட்ரைக் அவுட்டுக்கு அரைப் புள்ளி கழிக்கும் லீக்கிலோ 110 புள்ளிகள் அங்கேயே போய்விடுகின்றன. அங்கே வேறொருவர் விலை ஏற்றினால் விட்டுவிடுங்கள். வாங்கியவர்கள் ஏப்ரலில் ஹோம் ரன்களை எண்ண வேண்டாம். ஸ்ட்ரைக் அவுட் விகிதம் விரைவில் நிலைபெறும் எண்களுள் ஒன்று. மே தொடக்கத்தில் அது 28 சதவீதத்துக்கு அருகில் இருந்து, அடியின் கோணமும் உயர்ந்திருந்தால், மாற்றாக யாரைத் தருவதாகச் சொன்னாலும் வுட்டைக் கொடுக்காதீர்கள்.