சம்பளத்தை ஆளோடு ஒப்பிடாதே: ஜிமேட் ஒப்பீட்டுக் கேள்விகளோடு ஆறு ஆண்டுகள்

“அவன் சம்பளம் என்னை விட அதிகம்.” இந்த வாக்கியத்தில் என்ன பிழை என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. 2019 வரை எனக்கும் தெரியாது. அந்த ஆண்டுதான் எம்பிஏ கனவோடு ஜிமேட் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கினேன். இரண்டு பொருள்கள் வாங்கினேன். ஒன்று, பயிற்சிக் கேள்விகள் கொண்ட ஒரு செயலியின் ஓராண்டுச் சந்தா. இன்னொன்று, 200 பக்க கோடு போட்ட நோட்டு. இரண்டில் எது உழைத்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போதைய ஜிமேட்டில் ஆங்கிலப் பகுதி 36 கேள்விகள், 65 நிமிடம். அதில் வாக்கியத் திருத்தம் என்று ஒரு வகை உண்டு. ஒரு வாக்கியத்தில் ஒரு பகுதிக்கு அடிக்கோடு போட்டுக் கீழே ஐந்து விடைகள் தருவார்கள். முதல் விடை அடிக்கோடிட்ட பகுதியே. மாற்றம் தேவையில்லை என்றால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. இலக்கணப் பிழைகளில் பெரும்பாலானவை எனக்குப் பழகிவிட்டன. ஒப்பீடு மட்டும், அதிலும் அளவுகளை ஒப்பிடும் கேள்விகள் மட்டும், பாதிக்கு மேல் தவறாகவே போயின.

செயலியில் நான் தவறவிட்ட முதல் கேள்வி இந்தச் சாயலில் இருந்தது: “தி பாப்புலேஷன் ஆஃப் சென்னை இஸ் லார்ஜர் தேன் மதுரை.” (தமிழ் எழுத்தில் ‘தேன்’ இனிக்கிறது. தேர்வறையில் இனிக்கவில்லை.) எனக்கு அது சரியாகவே பட்டது. சரியான விடை “தேன் தட் ஆஃப் மதுரை”, அதாவது மதுரையினுடையதை விட. ஏன் என்று விளக்கத்தைத் திறந்து பார்த்தால், ‘முதல் விடை இயல்பாக ஒலிக்கவில்லை’ என்று ஒரே வரி. யாருடைய காதுக்கு? என் காது தமிழ்க் காது. ‘சென்னையின் மக்கள்தொகை மதுரையை விட அதிகம்’ என்று நாளிதழில் படித்தும் மேடையில் கேட்டும் வளர்ந்த காது. தமிழில் ‘விட’ என்று சொன்னதுமே கேட்பவர் மனத்தில் விடுபட்ட சொல்லை நிரப்பிக்கொள்கிறார். அந்தத் தேர்வு நிரப்பிக்கொள்ளாது. ஒரு பக்கம் மக்கள்தொகை என்றால் மறுபக்கமும் மக்கள்தொகையே நிற்க வேண்டும். ஊர் நிற்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய செயலி இந்த ஒரு விஷயத்தைச் சொல்லவேயில்லை.

நோட்டு அங்கேதான் கைகொடுத்தது. பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. கோட்டின் மேல் ‘தேன்’ அல்லது ‘அஸ்’. இடப்பக்கம் எது ஒப்பிடப்படுகிறது, வலப்பக்கம் எதோடு என்று தமிழில் எழுதுவேன். “மக்கள்தொகை | மதுரை” என்று எழுதிப் பார்த்ததும் பிழை பல் இளித்தது. “ஏற்றுமதிகள் | திருப்பூரினுடையது” என்று வந்தால் ஒருமை பன்மை இடிக்கிறது. ‘தட்’ அல்ல, ‘தோஸ்’. இப்படி மூன்று மாதம் எழுதினேன். பிறகு கை எழுதாமலே கண் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டது.

மெனி, மச் தொல்லைக்கு மருந்து தமிழிலேயே இருந்தது. எத்தனை என்று கேட்க முடிந்தால் மெனி, ஃப்யூவர். எவ்வளவு என்று கேட்டால் மச், லெஸ். நான் வேலை பார்ப்பது திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். நூல் எவ்வளவு, நூல் சுற்றிய கோன் எத்தனை என்று நாள் முழுவதும் காதில் விழும். நூலுக்கு லெஸ், கோனுக்கு ஃப்யூவர். இந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்த அன்று பெருமை தாங்கவில்லை. மறுநாளே கிலோமீட்டர் வந்து கவிழ்த்தது. பத்து கிலோமீட்டரை நாம் எண்ணுகிறோம், எத்தனை என்றுதான் கேட்கிறோம். ஆங்கிலம் அதை ஒரே நீளமாகப் பார்த்து “லெஸ் தேன் டென் கிலோமீட்டர்ஸ்” என்கிறது. தொகை, தூரம், எடை, காலம் நான்குக்கும் இந்த விதிவிலக்கு உண்டு என்று நோட்டின் அட்டையிலேயே எழுதி ஒட்டினேன்.

விலை காஸ்ட்லியாக இருக்காது, உயர்வாக இருக்கும்; காஸ்ட்லியாக இருப்பது பொருள். இது சின்ன விஷயம், ஒரு முறை பட்டால் மறக்காது.

நான்காவது மாதத்தில் வேறு ஒரு நோய் வந்தது. எங்கே ‘தேன்’ கண்டாலும் ‘தட் ஆஃப்’ இல்லாத விடையை அடித்துத் தள்ளினேன். “எக்ஸ்போர்ட்ஸ் ஆர் ஹையர் திஸ் இயர் தேன் லாஸ்ட் இயர்” என்பதையும் பிழை என்று தள்ளினேன். அதில் பிழை இல்லை. அங்கே ஒப்பிடப்படுவது இந்த ஆண்டும் சென்ற ஆண்டும். ஏற்றுமதி இரண்டுக்கும் பொது. “திஸ் இயர்ஸ் எக்ஸ்போர்ட்ஸ் ஆர் ஹையர் தேன் லாஸ்ட் இயர்” என்று எழுதினால்தான் ஏற்றுமதி ஒரு பக்கமும் ஆண்டு மறுபக்கமும் நின்று தடுமாறும். ‘திஸ் இயர்’ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் விதியை மட்டும் பிடித்துத் தொங்கினால் இந்த இடத்தில் விழுவது நிச்சயம். நான் விழுந்தேன், தேர்வு நாளிலும் ஒரு முறை விழுந்தேன் என்றே நினைக்கிறேன்.

ஜிமேட் மதிப்பெண் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். கல்லூரிக்குப் போகாமலே என்னுடையது 2024இல் காலாவதியானது. நோட்டு இன்னும் அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு முறை எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலில், அடுத்த ஷிப்மென்ட் சென்ற முறையை விட “த்ரீ டைம்ஸ் மோர்” என்று எழுதிவிட்டேன். சென்ற முறை 1,000 உருப்படி. மனத்தில் இருந்தது 3,000. அவர் திருப்பிக் கேட்டார்: 3,000ஆ, 4,000ஆ? ஆயிரத்தை விட மூன்று ஆயிரம் கூடுதல் என்றால் நாலாயிரம் அல்லவா? அவர் கேட்டது நியாயம். துணி வாங்குவதற்கு முன் கேட்டாரே, அது என் அதிர்ஷ்டம். மும்மடங்கு என்று மட்டுமே பொருள் தரும் “த்ரீ டைம்ஸ் அஸ் மெனி அஸ்” என்பதற்குச் சிவப்பு மையில் வட்டமிட்ட பக்கம் நோட்டில் முன்பே இருந்தது. எடுத்துப் பார்க்காதது என் சோம்பல். நம் நாளிதழ்களின் ‘மூன்று மடங்கு அதிகரிப்பு’ம் இதே குழப்பம்தான். ‘மும்மடங்கானது’ என்று எழுதினால் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

இன்று ஜிமேட்டுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2023 நவம்பரில் வந்த ஃபோகஸ் எடிஷன் என்ற புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தமே இல்லை. ஆங்கிலப் பகுதி 23 கேள்விகள், 45 நிமிடம். வாசிப்பும் தர்க்கமும் மட்டும். ஆகவே தேர்வுக்காக யாரும் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். என்னைப் போல அறிக்கையும் மின்னஞ்சலும் எழுதிப் பிழைப்பவர்கள் ஒரு நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டுக்கொள்ளலாம். பழைய பயிற்சிக் கேள்விகள் இப்போது யாருக்கும் தேவைப்படாததால் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

செயலிக்காரர்கள் இன்னும் என்னை விடவில்லை. சென்ற மாதமும் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. பெரிய எழுத்தில் தலைப்பு: “அவர் கொஸ்டின்ஸ் ஆர் டஃபர் தேன் அதர் ஆப்ஸ்.” பழக்க தோஷம், நடுவில் கோடு போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் கேள்விகள், வலப்பக்கம் செயலிகள். சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.