ஸ்ட்ரேஸ், ஓப்பன்ஸ்னூப் நாலு வருஷ அனுபவம்: ஃபைல் பாத் மட்டும் ஏன் இப்படி வருது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில ஒரு வெள்ளிக் கொலுசு பட்டறைக்கு லினக்ஸ் சர்வர் பாத்துக்குறேன், நாலு வருஷம் ஆகப்போகுது. பிரச்சனை வந்தா எந்த ப்ரோக்ராம் எந்த ஃபைலை தொடுதுன்னு பாக்க ஸ்ட்ரேஸ் (ப்ரோக்ராம் கெர்னல்கிட்ட, அதாவது லினக்ஸோட மையப் பகுதிகிட்ட, கேக்குற வேலையை வரி வரியா காட்டும், அந்த வேலைக்கு பேரு சிஸ்டம்கால்), ஓப்பன்ஸ்னூப் (யாரு எந்த ஃபைலை திறக்குறாங்கன்னு காட்டும்), பிபிஎஃப்ட்ரேஸ் (நாமளே சின்னதா எழுதி கெர்னலை கவனிக்கலாம்), ஆடிட் லாக் (கெர்னல் எழுதுற தணிக்கைப் பதிவு) இந்த நாலுதான். ஸ்பீடு பத்தியெல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க (ஸ்ட்ரேஸ் மாட்டினா ப்ராசஸ் ஸ்லோ ஆகும், அது உண்மைதான்), நான் சொல்ல வந்தது ஒரே விஷயம், ஒரே ஃபைலோட பாத்தை (எந்த ஃபோல்டர்ல இருக்குங்குற முகவரியை) ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி காட்டுது.

முதல் வருஷம் ராத்திரியில டிசைன் ஃபைல் காணாம போக ஆரம்பிச்சுது. பேக்கப்ல இருந்து எடுத்து வச்சுட்டு அடுத்த நாள் ராத்திரி ஸ்ட்ரேஸ் மாட்டி உக்காந்தேன், வந்த வரியில அன்லிங்க்அட் (ஃபைலை அழிக்கிற சிஸ்டம்கால்), 4 (ப்ரோக்ராம் திறந்து வச்ச ஃபோல்டருக்கு ஒரு நம்பர்), மாடல்-12 (ஃபைல் பேரு), அவ்வளவுதான். மாடல்-12 எல்லா கஸ்டமர் ஃபோல்டர்லயும் இருக்கு, அந்த 4 எந்த ஃபோல்டர்னு யாருக்கு தெரியும்? ஏற்காடு ரோட்டுல போனை போட்டு "அடுத்த வளைவுல நிக்குறேன்"னு சொல்ற மாதிரி, 20 வளைவுல அவரு எதை தாண்டி வந்தாருன்னு தெரிஞ்சாதான அடுத்தது எதுன்னு தெரியும். அப்புறம்தான் ஒய் ஆப்ஷன் (-y) கண்ணுல பட்டுச்சு, அதை போட்டதும் 4-க்கு பக்கத்துலயே முழு ஃபோல்டர் பாத் வந்துருச்சு, பத்து நிமிஷத்துல ஆளை புடிச்சாச்சு. ஒரு க்ளீனப் ஸ்கிரிப்ட், சிடி பண்றது, அதாவது ஃபோல்டருக்குள்ள போறது, ஃபெயில் ஆனாலும் அடுத்த வரி அழிக்கிறது நிக்காம ஓடிட்டு இருந்துருக்கு.

கெர்னல் பக்கமும் காரணம் இருக்குங்க. சிஸ்டம்கால் உள்ள நுழையும்போது ப்ரோக்ராம் குடுத்த எழுத்து மட்டும்தான் கையில இருக்கும், முழு பாத் வேணும்னா டென்ட்ரி (ஒவ்வொரு ஃபைல், ஃபோல்டர் பேருக்கும் கெர்னல் வச்சுருக்குற பதிவு) வழியா மேல மேல ஏறி, மவுன்ட் (வேற டிஸ்க் ஒட்டியிருக்குற இடம்) தாண்டி ரூட் (எல்லாத்துக்கும் மேல இருக்குற ஃபோல்டர்) வரைக்கும் போய் சேர்த்து எழுதணும். பிபிஎஃப்-க்கு (கெர்னல் உள்ளயே ஓடுற சின்ன ப்ரோக்ராம், ஓப்பன்ஸ்னூப், பிபிஎஃப்ட்ரேஸ் ரெண்டும் இதை வச்சுதான் ஓடுது) அதுக்குன்னு டி-பாத் ஹெல்ப்பர் 5.10 கெர்னல்லதான் வந்துச்சு, அதுவும் எல்லா ஃபங்ஷன்லயும் கூப்பிட விடாது. கன்டெய்னர்னா (மெஷினுக்குள்ளயே ப்ரோக்ராமை தனியா அடைச்சு ஓட்டுறது) இன்னும் மோசம், வர்ற பாத் உள்ள இருக்குற பாத், நம்ம மெஷின்ல தேடினா கிடைக்காது. அழிச்ச ஃபைல்னா பின்னாடி அடைப்புக்குறிக்குள்ள டெலீட்டட்னு ஒட்டிக்கும், அந்த பாத்தை வச்சு க்ரெப் பண்ண (தேடுன) ஸ்கிரிப்ட் எனக்கு ரெண்டு தடவை தப்பா போயிருக்கு.

ஆனா என்னை ரொம்ப படுத்துனது தமிழ்ப் பேருதான். பட்டறையில ஃபோல்டர் எல்லாம் தமிழ்லதான், கொலுசு, மெட்டி, அரைஞாண்னு. ஸ்ட்ரேஸ்ல "க" ஒண்ணே \340\256\225-னு ஆக்டல்ல (பைட்டை எட்டடிமான எண்ணா எழுதுறது) வரும், கொலுசுங்குற மூணெழுத்து, கூட வர்ற உயிர்க்குறிக்கும் தனியா மூணு மூணு பைட்டுங்குறதால, 18 பேக்ஸ்லாஷா நீளும். ஆடிட் லாக்ல அதே பேரு ஹெக்ஸ்ல (பதினாறடிமான எண்ணா) ஒரே சரமா கிடக்கும். ஓப்பன்ஸ்னூப் மட்டும் பைட்டை அப்படியே விட்டுருது, டெர்மினல்ல தமிழாவே தெரியும். பிபிஎஃப்ட்ரேஸ் பழைய வெர்ஷன்ல ஸ்ட்ரிங் 64 பைட்டோட நின்னுரும், கொலுசு மட்டுமே 18 பைட்டு, மூணு ஃபோல்டர் தாண்டினதுமே எழுத்துக்கு நடுவுல வெட்டி கடைசியில கேள்விக்குறி கட்டம்தான் நிக்கும்.

ஒரு தடவை ஓனர் அண்ணன் பக்கத்துல நின்னு பாத்துட்டு "தம்பி, நம்ம பேருனால தொந்தரவுன்னா எல்லாத்தையும் இங்கிலீஷ்ல மாத்திரட்டுங்களா?"ன்னாரு. வேண்டாங்கண்ணா, பசங்க படிச்சு எடுக்குற பேரு அதுதான், அதை காட்டத் தெரியாதது டூலோட குறைன்னு சொன்னேன். இன்னிக்கும் அதேதான் சொல்வேன்.

இப்ப என் பழக்கம் இது: ஸ்ட்ரேஸ்னா ஒய் ஆப்ஷன் இல்லாம ஓட்டுறதே இல்ல, ஓப்பன்ஸ்னூப்னா பெரிய எஃப் ஆப்ஷன் (-F), ரிலேட்டிவ் பாத்தையும் (ப்ரோக்ராம் இருக்குற ஃபோல்டர்ல இருந்து குடுத்த பாதி பாத்தையும்) முழுசா காட்டும், பிபிஎஃப்ட்ரேஸ்ல ஸ்ட்ரிங் லிமிட்டை முதல்லயே கூட்டி வச்சுருவேன், ஆடிட் லாக்கை சின்ன ஐ ஆப்ஷன் (-i) போட்ட ஏயூசர்ச் (ausearch) கமாண்ட்ல தான் படிப்பேன். ஸ்ட்ரேஸ்ல வர்ற ஆக்டலை மட்டும் ஷெல்லோட பிரின்ட்எஃப் கமாண்ட்ல போட்டா தமிழ் திரும்பி வந்துரும், அதை ஒரு ஏலியஸா (சுருக்கக் கமாண்டா) வச்சுருக்கேன், தினமும் யூஸ் ஆகுது.