இக்கிட்டோஸில் அயவாஸ்கா குடிக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

தென் அமெரிக்காவில் பெருவுக்குப் போய், அமேசான் பழங்குடிகள் சடங்காகக் குடிக்கும் அயவாஸ்கா என்ற மயக்கக் கஷாயத்தைக் குடித்தால் மன அழுத்தம் போய்விடும் என்று நம்மவர்களும் சிலர் டிக்கெட் போட ஆரம்பித்திருக்கிறார்கள். நானும் போனேன். போன பணத்தைப் பற்றிப் புலம்ப மட்டும் இதை எழுதவில்லை. எங்கள் குழுவில் ஒரு பெண் மயிரிழையில் தப்பினார், அதற்காகத்தான்.

பெருவின் அமேசான் காட்டு நகரமான இக்கிட்டோஸுக்கு நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து சாலையே கிடையாது. விமானம், இல்லாவிட்டால் ஆற்றில் படகு. விமான நிலைய வாசலிலேயே தரகர்கள் மொய்ப்பார்கள். நான் அவர்களிடம் சிக்கவில்லை. இணையத்தில் நல்ல மதிப்புரைகள் இருந்த மையத்துக்கே பாதிப் பணம் முன்கூட்டி அனுப்பியிருந்தேன். நௌட்டா என்ற ஊருக்குப் போகிற உள்ளூர்ச் சாலையில் இறங்கி, சேற்றில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். உக்காயாலி ஆற்றுப் பக்கத்து ஷிபிபோ இன வைத்தியர், பரம்பரை வைத்தியர் என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள்.

வந்தவரிடம் ஷிபிபோ என்று சொல்ல, அந்தக் கோலம் பின்னிய அங்கி மட்டும்தான் இருந்தது. சமையல்கட்டில் வேலை செய்த அம்மா உக்காயாலி ஆற்றங்கரை ஊரான புக்கல்பாவிலிருந்து வந்த ஷிபிபோக்காரர். அவர் தன் மொழியில் ஏதோ கேட்டதும் நம் வைத்தியர் திருதிருவென்று விழித்தார். இந்தச் சடங்கில் வைத்தியர் விடிய விடியப் பாடும் ஐகாரோ பாட்டுகள்தான் உயிர்நாடி. இவர் மப்பாச்சோ புகையிலையைப் பற்றவைத்து, நாலு பாட்டு முனகிவிட்டு, ப்ளூடூத் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். ஸ்பானிஷில் பாடினாலே போலி என்று சொல்ல வரவில்லை. அந்தப் பக்கத்துக் கலப்பின வைத்தியர்கள் ஸ்பானிஷிலும் கெச்சுவாவிலும் பாடுகிறவர்கள்தான், நல்ல கைராசிக்காரர்களும் இருக்கிறார்கள். ஷிபிபோ என்று விலை பேசிவிட்டு இப்படி ஆள் மாற்றுவதைத்தான் மோசடி என்கிறேன்.

கூடத்துச் சுவரில் முத்திரையோடு ஓர் அரசுத் தாள், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. "அரசாங்க அங்கீகாரம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்கள். அது 2008இல் பெரு அரசு அமேசான் பழங்குடிகளின் அயவாஸ்கா அறிவையும் மரபான பயன்பாட்டையும் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்த ஆணை. எந்த மையத்துக்கும் அது உரிமம் இல்லை. சொல்லப்போனால், மரபை விட்டு விலகி வியாபாரத்துக்காக நடத்தப்படுவது வேறு என்று அந்த ஆணையே பிரித்துச் சொல்கிறது. அதையே வியாபாரத்துக்கு மாட்டிவைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அயவாஸ்காவில் பொதுவாக இரண்டு செடிகள்: ஒரு காட்டுக்கொடி, சக்ருனா என்ற இலை. இலையில் இருப்பது டிஎம்டி, காட்சிகளைத் தரும் போதைப்பொருள். இலையை மட்டும் காய்ச்சிக் குடித்தால் உடம்பிலுள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும், ஒன்றும் ஏறாது. கொடியில் இருக்கும் ஹார்மின் அந்த நொதியைத் தடுத்து நிறுத்துகிறது. மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சிதைப்பதும் அதே நொதிதான், மன அழுத்த மாத்திரைகள் பலவும் அந்தச் செரோட்டோனினைக் கூட்டுபவை. அதனால்தான் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது எமன். இரண்டும் சேர்ந்தால் செரோட்டோனின் அளவுக்கு மீறி, காய்ச்சல், நடுக்கம், தசை விறைப்பு என்று போய் உயிரே போகலாம்.

எங்களோடு வந்த சிலி நாட்டுப் பெண் ஃப்ளூஆக்ஸெடின் என்ற மன அழுத்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன மருந்து எடுக்கிறீர்கள், ரத்த அழுத்தம் உண்டா, இதய நோய் உண்டா என்று யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவரே வாய்விட்டுச் சொன்னதற்கு, "இன்றைக்கு மாத்திரை போடாதே, போதும்" என்றார் நிர்வாகி. அந்த மாத்திரை நிறுத்தின பிறகும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். குழுவில் நர்ஸ் ஒருவர் இருந்ததால் பிழைத்தார். கோப்பை உதட்டுக்குப் போகும்போது அவர்தான் பிடுங்கி வைத்தார்.

நான் குடித்தேன். வாந்தி எதிர்பார்த்ததுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அயவாஸ்கா வழக்கமாக நாலு முதல் ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும். எனக்கோ மறுநாள் மாலையிலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, கைபேசியில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை, காலியாக இருந்த ஊஞ்சல் படுக்கையோடு பேசிக்கொண்டிருந்தேனாம். இக்கிட்டோஸுக்குத் திரும்பியதும் அங்கே கிளினிக் மருத்துவர் என் கண்மணி விரிந்திருப்பதைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "தொயே போட்டார்களா?" தொயே என்பது ஊமத்தை இனத்துக்கு உறவான செடி, புத்தியைக் குழப்பும் ஸ்கோபொலமின் என்ற நச்சு அதில் உள்ளது. காட்சிகள் பலமாக வரட்டும் என்று சொல்லாமல் கொள்ளாமல் கலக்கிறவர்கள் உண்டு. சடங்குக்கு முன்னால் "தொயே உண்டா, என்னென்ன செடி போட்டிருக்கிறது?" என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாதியில் கிளம்பினோம், மீதி நாட்களுக்கான பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள். பெருவில் கடை, விடுதி எல்லாவற்றிலும் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், கேட்டோம், சிரித்தார்கள். இக்கிட்டோஸில் ஐபெரு என்ற அரசுச் சுற்றுலா உதவி அலுவலகம் இருக்கிறது. அங்கே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அப்புறம், கிளம்பும்போது பழைய தண்ணீர் பாட்டிலில் கெட்டிக் கஷாயத்தை ஊற்றி, "வெறும் மூலிகைதான், ஊருக்குக் கொண்டு போ" என்று தனி விலை சொன்னார்கள். வாங்கிவிடாதீர்கள். டிஎம்டி இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டத்தில் தடைப் பட்டியலில் இருக்கிறது. விமான நிலையத்தில் மாட்டினால் மூலிகை என்ற கதை எடுபடாது.