ட்ரெய்லர் இழுக்க டபள் கெப் வாங்குவோர் கவனத்துக்கு: பச்சை விளக்கை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள்

"ஃபோர் வீல், மூன்றரைத் தொன் தாராளமா இழுக்கும்" என்று சொல்லி நுவரெலியாவில் எங்களுக்கு விற்ற டபள் கெப்பைக் கராஜில் தூக்கிப் பார்த்தால், முன் சில்லுகளுக்கு இழுவையைக் கொண்டுபோகும் சுழல் தண்டை, முன் ப்ரொப்பெலர் ஷாஃப்ட்டையே காணவில்லை. இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில், ஷாஃப்ட்டைப் பூட்டும் தகடான ஃப்ளாஞ்ச் மட்டும் மொட்டையாக நின்றது. அதன் நான்கு போல்ட் துளைகளிலும் புதுக் கறுப்புப் பெயிண்ட் உறைந்திருந்தது. நான்கு சில்லுக்கும் இழுவை தரும் ஃபோர் ஹை நிலையைப் போட்டால் டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரியத்தான் செய்தது. அதன் சுவிட்ச் இருப்பது ட்ரான்ஸ்ஃபர் கேஸில். சில்லுக்கு இழுவை போகிறதா என்று அது பார்ப்பதில்லை. இழுவையை இரு முன் சில்லுக்கும் பகிரும் முன் டிஃபரென்ஷல் இரையத் தொடங்கினால், திருத்தும் செலவுக்குப் பயந்து ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு விற்கிறார்கள்.

ஆகவே முதலில் டோர்ச்சோடு அடியில் குனியுங்கள். ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னுக்கு ஒரு ஷாஃப்ட், முன்னுக்கு ஒன்று. முன் டிஃபரென்ஷலிலிருந்து இரு சில்லுக்கும் ட்ரைவ் ஷாஃப்ட். உயரத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம், ஹைலக்ஸிலும் ரேஞ்சரிலும் அதே உயரத்தில் டூ வீல் கெப்பும் உண்டு. பிறகு தோட்டத்து மண்பாதையில் ஃபோர் ஹை போட்டு, ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல வட்டமடியுங்கள். வண்டி இறுகி, யாரோ பின்னால் பிடித்திருப்பதுபோல் தெரிந்தால் முன் சில்லு வேலை செய்கிறது. சூப்பர் செலக்ட் என்ற ஃபோர் வீல் முறை உள்ள மிட்சுபிஷி எல்200 என்றால், முன் பின் ஷாஃப்ட்டுகளுக்கு இடையிலுள்ள நடு டிஃபரென்ஷலைப் பூட்டும் நிலையில்தான் இது தெரியும். காய்ந்த தாரில் செய்யாதீர்கள், ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கேடு.

அடுத்தது டோ பார், கெப்பின் பின்னால் ட்ரெய்லரைக் கொளுவும் சட்டம். "போலில் 3500 என்று அடித்திருக்கே" என்று காட்டினார்கள். அது ட்ரெய்லர் மூக்கு அமரும் அந்த உருண்டை தாங்கும் கிலோ அளவு, அவ்வளவுதான். டோ பார் செசியின் இரு பக்க நீளச் சட்டங்களிலும் போல்ட் போட்டுப் பூட்டியிருக்க வேண்டும். அதைச் செய்தவரின் பெயர்த்தகடும் வேண்டும். எங்களுடையதைப் பின் பம்பர் குழாயில் வெல்டிங் வைத்திருந்தார்கள். இராகலைப் பாதையின் பள்ளங்களுக்கு அது எத்தனை நாள் தாங்கும்?

அந்த மூன்றரைத் தொன்னும் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால்தான். இல்லாவிட்டால் பெரும்பாலான கெப்புகளுக்கு 750 கிலோவே எல்லை. வெறுமையாக 900 கிலோ உள்ள காம்பிங் ட்ரெய்லர், 100 லீற்றர் தண்ணீர், காஸ், பற்றரி, கூடாரம், சமையல் சாமான் ஏற்றினால் 1,200ஐத் தொடும். அதில் பத்தில் ஒரு பங்கு, 120 கிலோவளவு, டோ போலில் அமரவேண்டும். குறைந்தால் இறக்கத்தில் ட்ரெய்லர் வாலாட்டும். கூடினால் கெப்பின் முன்பக்கம் தூக்கி, வளைவில் ஸ்டீரிங் பிடி கொடுக்காது. அளப்பது சுலபம்: பலகையின் ஒரு முனையை ஆள் நிறுக்கும் தராசிலும் மறு முனையை அதே உயரக் கல்லிலும் வைத்து, ட்ரெய்லர் மூக்கைச் சரி நடுவில் இறக்குங்கள். தராசு காட்டுவது மூக்கின் எடையில் பாதி.

கிளச்சையும் விடாதீர்கள். சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்தி, மூன்றாம் கியரில் கிளச்சை மெல்ல விட்டால் எஞ்சின் உடனே நிற்கவேண்டும். நிற்காமல் உறுமினால் கிளச் பிளேட் வழுக்குகிறது. ரம்பொடை வளைவுகளில் ட்ரெய்லரோடு ஏற அது உதவாது. ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் தேயும்.

"ஃபோர் வீல் வேலை செய்கிறது, டோ பார் செசியில் பூட்டியது" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போனால் காட்ட ஏதாவது கையில் இருக்கவேண்டும். எங்களிடம் இருந்தது வாய்ப்பேச்சு மட்டும்.