39 இடம், நான்கு முறை: என் ஓட்டு கலப்பு முறைக்கே

2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. வாங்கிய வாக்கு 44 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. கிடைத்தது 39-ல் 37 இடம். தி.மு.க. வாங்கியது ஏறக்குறைய 24 சதவீதம். கிடைத்தது பூஜ்யம். 2024-ல் காற்று திரும்பியது: தி.மு.க. கூட்டணிக்குச் சுமார் 47 சதவீத வாக்கு, 39-க்கு 39. மீதி 53 சதவீதம் பேர் பட்டனை அமுக்கியதற்கு மையைத் தவிர வேறு மிச்சமில்லை.

இப்போதுள்ள தொகுதி முறையின் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எளிது, அன்றே முடிவு தெரிந்துவிடும், மனு கொடுக்க ஒரு எம்.பி. இருக்கிறார். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மாற்று என்றதும் பக்கத்தில் இலங்கை. அங்கே 1977-ல் ஐக்கிய தேசியக் கட்சி பாதி வாக்கை வாங்கி 168-ல் 140 இடம் பிடித்தது. 30 சதவீதத்தை நெருங்கிய சுதந்திரக் கட்சிக்கு 8. ஏழு சதவீதம்கூட இல்லாத தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடத்தோடு எதிர்க்கட்சியானது. இப்போது அங்கே வாக்கு விகிதப்படி கட்சிக்கு இடம் தரும் விகிதாசார முறை: மாவட்ட வாரியாக 196, தேசியப் பட்டியலில் 29. கட்சிக்கு ஒரு வாக்கு, அந்தக் கட்சி வேட்பாளர்களில் மூவர் வரை விருப்பு வாக்கு. கணக்கு நியாயமாகிறது, ஆனால் விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்களே மோதிக்கொள்கிறார்கள், செலவும் மாவட்டம் முழுக்க. வட்டச் செயலாளர் பதவிக்கே கோஷ்டி கட்டும் ஊருக்கு இது வேண்டாம்.

ஒற்றை மாற்று வாக்கு முறை நமக்குப் புதிதல்ல, மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் அப்படித்தான் போடுகிறார்கள். 234 பேர், ஆறு காலியிடம் என்றால் ஏழால் வகுத்து, ஒருவர் ஜெயிக்க 34 வாக்கு. உபரி வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போகும். 234 பேருக்கு அழகான முறை. லட்சக்கணக்கான வாக்காளருக்கு 1, 2, 3 என்று வரிசை போட இப்போதுள்ள மின்னணு இயந்திரம் உதவாது, வாக்குச்சீட்டுக்கே திரும்ப வேண்டும். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சி தொகுதியில் 1,033 பேர் நின்றதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, கலப்பு முறை. தொகுதிக்கு ஒருவர், அதோடு கட்சியின் விகிதப்படி கூடுதல் இடங்கள். இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே கேள்வி: இரண்டு கணக்கும் ஒட்டியிருக்கிறதா, தனித்தனியா?

நேபாளத்தில் தனித்தனி: 165 தொகுதி, கட்சிப் பட்டியலிலிருந்து 110; தொகுதியில் ஜெயித்தது பட்டியல் கணக்கைத் தொடாது. நியூசிலாந்தில் 1996 முதல் ஒட்டிய கணக்கு: 120 இடத்தில் கட்சிக்கு எத்தனை என்று முதலில் முடிவாகும், தொகுதியில் ஜெயித்ததைக் கழித்துவிட்டு மீதியைப் பட்டியலிலிருந்து கொடுப்பார்கள். 1999-ல் நம் சட்ட ஆணையம் மக்களவையில் 25 சதவீதம் கூடுதலாகப் பட்டியல் இடங்கள் சேர்க்கச் சொன்னது. அந்த அளவை 2014 முடிவில் வைத்துப் பாருங்கள். 39-உடன் சுமார் 10 சேர்ப்பதற்குப் பதில் தாராளமாக 13 என்றே வைப்போம், மொத்தம் 52. தனித்தனிக் கணக்கில் அ.தி.மு.க.வுக்கு 37-உடன் இன்னும் 6, ஆக 43. ஒட்டிய கணக்கில் அதன் பங்கு 23, கையில் ஏற்கெனவே 37; எனவே 13-ம் மற்றவர்களுக்கே. அப்போதும் 52-ல் 37 என்பது 71 சதவீதம். ஒட்டினாலும் போதவில்லை, ஏனென்றால் பட்டியல் சின்னது. 37 இடம் 44 சதவீதமாகச் சுருங்க வேண்டுமானால் மொத்தம் 83-ஐத் தாண்ட வேண்டும். தொகுதி மறுவரையறைச் சண்டை நடக்கும் காலத்தில் அது நடக்கிற காரியமில்லை. 39-க்குள்ளேயே 20 தொகுதி, கட்சியின் பங்கில் குறைவதை நிரப்ப 19 ஈடு இடம் என்று பிரிக்கலாம். 47 சதவீதம் வாங்கிய கூட்டணி இருபதையும் வாரினாலும் அதன் பங்கான 18-ஐவிட இரண்டுதான் அதிகம். விலை உண்டு: ஆறு சட்டமன்றத் தொகுதி அடங்கிய எம்.பி. தொகுதி பன்னிரண்டாகும், சென்னையின் மூன்று ஒன்றரையாகிவிடும். பல்லாவரத்துக்காரர் இப்போதே, 2024-ல் 23 லட்சத்துக்கு மேல் வாக்காளர் இருந்த ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில்தான் இருக்கிறார், அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

அடுத்தது குறுக்குவழி. 2020-ல் தென்கொரியாவில் இரண்டு பெரிய கட்சிகளும் பட்டியலுக்கென்றே துணைக்கட்சி தொடங்கின. தொகுதி வாக்கு தாய்க்கட்சிக்கு, பட்டியல் வாக்கு குட்டிக்கு. குட்டியிடம் கழிக்கத் தொகுதியே இல்லாததால் ஈடு கணக்கே அர்த்தமில்லாமல் போனது. தேர்தலுக்குத் தேர்தல் தொகுதிப் பங்கீடு நடத்தும் நம்மவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மருந்து, ஒரே வாக்கு. தொகுதி வேட்பாளருக்குப் போட்டதே கட்சிக் கணக்கிலும் ஏறினால் பிரித்துப் போட வழியில்லை. இயந்திரமும் மாற வேண்டாம்.

ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2021 வரை அப்படித்தான் நடத்தியது, பட்டியலே இல்லாமல். ஈடு இடம், தோற்ற சொந்த வேட்பாளர்களில் நன்றாக வாக்கு வாங்கியவருக்கு. தலைமை எழுதும் பட்டியலில் மகனும் மருமகனும் ஏற முடியாது என்பதால் எனக்கு இதுவே பிடிக்கிறது. வரிசையை வாக்கு எண்ணிக்கையில் அல்ல, சதவீதத்தில் போட வேண்டும். இல்லாவிட்டால் வாக்காளர் குறைந்த மத்திய சென்னையில் தோற்றவர் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றவரிடம் எப்போதும் பின்தங்குவார். குறையும் உண்டு. பெண்கள் குறைவாகவே வந்தார்கள் என்ற புகாரோடு 2022-ல் அந்த மாநிலம் இரண்டு வாக்குக்கு மாறியது. 2021-ல் பசுமைக் கட்சி 32.6 சதவீதத்தில் 70 தொகுதிகளில் 58-ஐ வாரியதால், 120 பேர் அவை ஈடுகட்டி ஈடுகட்டி 154 ஆனது. நமக்கு மொத்தம் 39 என்று பூட்டு போட்டு, அந்த இரண்டு இட மிகையைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

கூட்டணிதான் எனக்கு உறுதியில்லாத இடம். ஒன்பது தொகுதியில் மட்டும் நிற்கும் கட்சிக்கு அந்த ஒன்பதின் வாக்குதான் கணக்கில் வரும். அதனால் வேட்புமனு முடிவதற்குள் கூட்டணியை ஒரே கணக்காகப் பதிவு செய்ய வேண்டும், தேர்தல் முடிந்து அணி மாறினாலும் ஈடு இடம் மாறக்கூடாது. இங்கே உள்ள அளவுக்குக் கூட்டணி நெருக்கத்தில் ஒற்றை வாக்கு எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது. முதல் முறை சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ வேண்டாம், 200 வார்டுள்ள சென்னை மாநகராட்சியில் போட்டுப் பார்க்கலாம்.